முன்னோர் மறைந்த நாள்

வருடத்தில் ஒரு நாள் வீட்டிலே அடுப்பு நேரத்துடன் மூட்டப்படுகிறது. தந்தையார் தோய்ந்து, நீறணிந்து, உண்ணாதிருக்கிறார். ஐயர் வந்து கிரியையை நடத்துகிறார். மறைந்தவருக்குப் பிரியமான கறிகள் வாழையிலையில் படைக்கப்படுகின்றன. காகத்துக்குச் சோறு வைக்கப்படுகிறது. அதன் பின் வீட்டார் யாவரும் கூடியிருந்து உண்கின்றனர். அவ்வேளையில், "இன்றைக்கு யாருடைய திவசம்?" என்று பிள்ளைகளைக் கேட்டால், "அப்பாவின் பேரனாருடையது" என்று விடை வரும். "அவர் எந்த ஆண்டிலே காலமானார்? எந்த ஊரிலே? என்ன நோயினாலே?" என்று மேலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்ப்பர், தாய் தந்தையின் முகத்தைப் பார்ப்பார், தந்தையோ, "அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும், அவவும் போய்விட்டா" என்பார்.

நம்மவர் நன்றி மறந்தவரல்லர். ஆண்டு மறந்து போவதற்குத் தக்க காரணம் ஒன்றுண்டு. திவசஞ் செய்வதற்கு மாதமும் பட்சமும் திதியுமே வேண்டும், ஆண்டு வேண்டியதில்லை. வருடந்தோறும் திரும்பி வருகின்ற நாளை மனம் பற்றிக் கொள்கிறது; ஒரே முறை வந்து போன ஆண்டை இரண்டு தலைமுறைக்குள் நழுவ விடுகிறது. ஆகவே, நாளை அறிந்த வீட்டிலே ஆண்டு தெரியாதிருத்தல் நம்மிடையே பெருவழக்காயிற்று.

ஆண்டு தெரியாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக் கூடும். காணியுறுதி ஒன்றைத் திருத்தவேண்டி வரும்போது அதன் பயன் தெரியும். பேரனார் பெயரில் இருக்கும் வளவைப் பேரப்பிள்ளைகள் பங்கிட வேண்டுமாயின், அவர் எப்போது இறந்தார், அவருக்கு முன் இறந்த பிள்ளைகள் யார், பின் இறந்தோர் யார் என்பன எல்லாம் சான்றுகளோடு நிறுவப்படல் வேண்டும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனத் தேசவழமை வகுத்த பாகுபாடுகளெல்லாம் இறப்பின் வரிசையைப் பொறுத்தே கணக்கிடப்படுகின்றன. இன்னும், ஒரு குடும்பத்தில் மூவர் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பினால் மாண்டனர் என்று தெரிந்தால், நான்காமவர் வைத்தியரிடம் நேரத்தோடு செல்வார். ஊர்ச் சரித்திரம் எழுதப் புகும் மாணவனுக்கோ பிறப்பும் இறப்புமே முதற் படிகள்.

இத்தகைய தேவை வந்தவுடன் பலர் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகின்றனர். தரகர் ஒருவர், "நான் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மக்களோ, பரம்பரை தேடித் தருவதாகக் கூறும் இணையத் தளங்களுக்கு மாதந்தோறும் சந்தா கட்டுகின்றனர். இவை பெரும்பாலும் வேண்டாத செலவுகள். ஒருவர் மறைந்த நாள் எங்கோ ஓரிடத்தில், சில வேளை நாலைந்து இடங்களில், முன்னமே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுட் பலவற்றை ஒரு சதமும் கொடாமற் பார்க்கலாம். தேடுவோன் தன் வீட்டிலிருந்து தொடங்கி வெளியே செல்லவேண்டும். அரசாங்கக் கந்தோர் கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்வதனாலேயே காசும் காலமும் வீணாகின்றன.

வீட்டிலே முதலில் தேட வேண்டியது கல்வெட்டு. கல்வெட்டு என்றவுடன் தமிழ்நாட்டு மாணவன் கோயிற் சுவரை நினைப்பான். யாழ்ப்பாணத்து மாணவனோ, அந்தியேட்டி நாளில் வந்தோர்க்கு வழங்கப்படும் சிறு புத்தகத்தை நினைப்பான். மேனாட்டார் தம் இறந்தோரைப் புதைத்து மேலே கல் நாட்டி, அதிற் பெயரும் நாளும் பொறித்தனர். அக்கற்களைப் படித்தறிந்து, ஜே. பென்றி லூயிஸ் என்னும் சிவில் சேவை உத்தியோகத்தர் இலங்கையின் கல்லறை வாசகங்களை ஒரு நூலாகத் தொகுத்தார். 1913இல் அரசாங்க அச்சகம் அதனை வெளியிட்டது. அந்நூலிலே ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் நிரம்பக் காணலாம். சைவ வேளாளரையோ, கைவினைஞரையோ, கடற்றொழிலாளரையோ அதிலே தேடுதல் வீண். நம்முடைய சுடலைகளிலே தீ மூண்டு தணிந்த பின் எஞ்சுவது சாம்பரே. அதுவும் கீரிமலைக் கடலிலோ வேறு தீர்த்தத்திலோ கரைக்கப்பட்டுவிடும். கல்லில் எழுதாததைக் காகிதத்தில் எழுதி, அதற்குக் கல்வெட்டு என்றே பெயரிட்ட நம் முன்னோரின் கருத்தை எண்ணி வியக்கலாம்.

இக்காலத்திலே நினைவு மலர் என்ற பெயரோடு வர்ண அட்டையுடன் வருவதும் இதன் வழி வந்ததே. பழைய கல்வெட்டுகள் எட்டுப் பத்துப் பக்கங்களே உள்ளவை, தாளும் பழுத்திருக்கும். அவற்றிலே தேவாரத் திருவாசகங்களுக்கு முன்னோ பின்னோ மறைந்தவரின் சரித்திரம் செய்யுளில் அமைந்திருக்கும். இன்ன ஊரில், இன்னாருக்கு மகனாய்ப் பிறந்து, இன்னாரை மணந்து, இன்னின்ன மக்களைப் பெற்று, இன்ன உத்தியோகம் பார்த்து என்று அது செல்லும். பின்னர் மனைவி புலம்பலும் மக்கள் புலம்பலும் மருமக்கள் புலம்பலும் வரும். புலம்பற் பாக்களைப் பலர் படியாமலே விடுகின்றனர், அது தவறு. அவை உறவினர் பட்டியலுக்கு நிகரானவை. எந்த மகன் அப்போது மலாயாவில் இருந்தான், எந்த மகள் தந்தைக்கு முன்னமே மாண்டாள் என்பவற்றையெல்லாம் அப்பாக்களிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

யாவற்றினும் முக்கியமானது திதி வெண்பா. நான்கு அடியில், ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை அடக்கிப் புலவர் பாடியிருப்பார். அதனைப் பாட்டென்று மட்டும் எண்ணி விட்டுவிடலாகாது. அதுவே மரணப் பதிவு. அதனை ஆங்கிலத் திகதியாக மாற்றும் வழியை மாணவர்கள் கற்றுக்கொள்ளல் நன்று.

உதாரணமாக, ஒரு வெண்பாவின் பொருள் "விகாரி வருடத்து ஆவணி மாதத்துப் பூர்வபட்ச ஏகாதசி" என்று கொள்வோம். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1899, 1959, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சித்திரையில் விகாரி பிறந்தது. இம்மூன்றனுள் எதுவென்று வெண்பா கூறாது. குடும்பச் செய்தியே கூறும். மறைந்தவருக்குக் கடைசிப் பிள்ளை 1921இல் பிறந்தது என்றும், 1970இல் நடந்த பேத்தியின் கலியாணத்தில் அவர் இல்லை என்றும் தெரிந்தால், 1959 என்று துணியலாம். ஆவணி மாதம் ஓகஸ்ட் நடுவிலே பிறந்து செப்டெம்பர் நடுவிலே முடிவது. 1959இல் அம்மாதத்து அமாவாசை செப்டெம்பர் 2ஆம், 3ஆம் திகதிகளை ஒட்டி வந்தது. அமாவாசைக்குப் பின் வளர்பிறையின் பதினோராந் திதி ஏகாதசியாதலின், அவர் காலமான நாள் செப்டெம்பர் 13ஆம் திகதியை ஒட்டியது என்று முடிவு காணலாம். பழைய பஞ்சாங்கம் கிடைத்தால் நாளை இன்னுந் திட்டமாகக் கூறலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, ஒரு மாதத்திலே ஒரு திதி சில வேளை இரு முறை வரும்; திதிச் சக்கரம் சுழல்வதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் போதும், தமிழ் மாதமோ முப்பத்திரண்டு நாள் வரை செல்லக் கூடியது. வெண்பாவிலே கிழமையோ நட்சத்திரமோ கூறப்பட்டிருந்தால் ஐயம் தீரும். இரண்டாவது, வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் திதி தொடங்கும் நேரத்திலே வேறுபாடுண்டு. எந்தப் பஞ்சாங்கத்தைக் கைக்கொண்ட வீடு என்று அறிதல் வேண்டும். மூன்றாவது, நம் வழக்கிலே நாள் என்பது சூரியோதயத்தில் தொடங்குவது. அரசாங்கத்தின் நாளோ நள்ளிரவில் தொடங்குவது. செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு இறந்தார் என்று வீட்டார் சொல்வது பதிவேட்டிலே புதன்கிழமையாக இருக்கும். ஒரு நாள் வேறுபாட்டைக் கண்டு, "இவர் வேறொருவர்" என்று தள்ளிவிடலாகாது.

கல்வெட்டு நம் வீட்டில் இல்லாதிருக்கலாம். இடம்பெயர்ந்து, வீடிழந்து, பெட்டியிழந்து வந்தோர் பலர். ஆனால் கல்வெட்டு அச்சிட்டவர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அந்தியேட்டிக்கு வந்த அனைவருக்கும் கொடுக்கப்பட்டது. ஆதலால் சம்பந்தி வீட்டிலும், அயலூர் மைத்துனர் வீட்டிலும், தமிழ் வாத்தியார் வீட்டுப் புத்தகப் பெட்டியிலும் அது கிடக்கக் கூடும். அதனோடு, இணையத்திலே நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கப்பட்டு, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதிலே நினைவு மலர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்திற் சேர்த்து வைத்தது ஒரே இரவில் அழியக் கூடும் என்பதை அந்நாள் நமக்குக் கற்பித்தது. உங்கள் வீட்டிலே பழைய கல்வெட்டு இருப்பின், அதனைப் படம் பிடித்து இரண்டு மூன்று உறவினருக்கேனும் அனுப்பி வையுங்கள்.

கல்வெட்டுக்கு அடுத்து காணியுறுதிகளைப் பார்க்க வேண்டும். இந்தக் காணி விற்பவருக்கு எவ்வாறு வந்தது என்று உறுதியிலே நொத்தாரிசு எழுதியிருப்பார். "இன்னார் இறந்துபோக அவருடைய உரித்தாளராகிய" என்று ஒரு தொடர் வந்தால், உறுதி எழுதப்பட்ட திகதிக்கு முன்னமே அவர் இறந்தார் என்பது திண்ணம். அதற்கு முந்திய உறுதியிலே அவரே கையொப்பமிட்டிருந்தால், இறந்த காலம் அவ்விரண்டு உறுதிகளுக்கும் இடைப்பட்டது. நாளைக் கூறாவிட்டாலும், தேட வேண்டிய எல்லையை உறுதி குறுக்கித் தருகிறது. படங்களின் பின்புறம், பழைய நாட்குறிப்பு, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, மரணச் செலவுக் கணக்கு எழுதிய கொப்பி ஆகியனவும் ஆராயத் தக்கன.

இனிப் பத்திரிகைகள். யாழ்ப்பாணத்தில் உதயதாரகை 1841இலும், இந்துசாதனம் 1889இலும் தொடங்கின. கொழும்பில் வீரகேசரி 1930இலும், தினகரன் 1932இலும் வெளிவரத் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் ஈழநாடு 1959இல் பிறந்தது. மரண அறிவித்தல்களைச் சிலர் படிக்கவும் அஞ்சுவர். ஆனால் குடும்ப வரலாறு தேடுவோனுக்கு அப்பக்கமே பொற்பக்கம். மறைந்தவரின் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணைவர், மக்கள், சகோதரர் யாவரும் அதிலே நிரல்பட நிற்பர். பழைய இதழ்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே சென்று பார்க்கலாம். சிலவற்றை மேலே கூறிய எண்ணிம நூலகத்திலேயே படிக்கலாம். இலங்கை வானொலி பல்லாண்டு காலமாக வாசித்த மரண அறிவித்தல்களோ காற்றோடு போயின. வானொலிப் பெட்டியின் அருகிலிருந்து கேட்டவர் குறித்துக்கொண்டதே எஞ்சியது.

கிறிஸ்தவ உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வாயில் உண்டு. கோயிற் பற்றுகளிலே திருமுழுக்கு, விவாகம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் ஏடுகள் வைக்கப்படுகின்றன. குருவானவரை அணுகிப் பணிவோடு கேட்டால் அவர் காட்ட மறுப்பது அரிது. ஆனால் பெயரிலே கவனம் வேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பிற மிசன் பள்ளிகளிலும் படித்த மாணவர் சிலருக்கு, அவர் படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை, ஆணல்ட் என்றே ஏடுகளில் வழங்கப்பட்டார். இத்தகையோரைத் தமிழ்ப் பெயரில் மட்டுந் தேடினால் அவர் அகப்படார்.

மலையகத்துக் குடும்பங்களின் வழி வேறு. அங்கே பல குடும்பங்களிடம் காணியுறுதியும் இல்லை, அச்சிட்ட கல்வெட்டும் இல்லை. ஆயினும் தோட்டங்களில் நிகழும் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் கடமையைச் சட்டம் தோட்ட நிருவாகத்தின் மேலே சுமத்தியது. மறைந்தவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் தெரிந்திருத்தலே இங்கு தலையாய தேவை. அது தெரிந்தால் எந்தப் பதிவாளர் பிரிவு என்று கண்டுகொள்ளலாம். "நுவரெலியாப் பக்கம்" என்று மட்டுஞ் சொன்னால் ஒன்றும் நடவாது. முதியோரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஆண்டைப் பற்றியதன்று. தோட்டத்தின் பெயரைப் பற்றியது.

இவ்வளவுந் தேடிய பின்னரே பதிவுக் கந்தோருக்குச் செல்லல் வேண்டும். இலங்கையிலே பிறப்பு இறப்புகளை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1867இல். அதனைக் கட்டாயமாக்கிய சட்டம் 1897இல் வந்தது. இன்று நடைமுறையிலிருக்கும் சட்டம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாகும். ஆதலால் 1897க்கு முந்திய மரணம் பதிவேட்டில் இல்லாவிட்டால் மனந்தளர வேண்டியதில்லை. அக்காலத்திலே பதியாதார் பலர்.

பதிவுத் துண்டிலே இறந்த நாள், இடம், பெயர், வயது, தொழில், மரணத்தின் காரணம், புதைத்த அல்லது எரித்த இடம், அறிவித்தவரின் பெயர் முதலியன இருக்கும். ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்: மரணம் பதியப்படுவது இறந்த இடத்திலேயே, பிறந்த ஊரிலன்று. வேலணையிற் பிறந்து, அநுராதபுரத்தில் கடை வைத்திருந்து, கொழும்பு வைத்தியசாலையிலே உயிர் நீத்தவருடைய பதிவு கொழும்பிலேதான் இருக்கும். வேலணையிலே பத்து நாள் அலைந்தும் அது கிடையாது.

அத்தாட்சிப் பிரதிக்குக் கட்டணம் உண்டு, அது பெருந்தொகையன்று. ஆனால் அக்கட்டணம் இரு வகைப்பட்டது. பதிவின் இலக்கமோ திகதியோ தெரிந்து கேட்போர்க்கு ஒரு தொகை. தெரியாமல், இரண்டு ஆண்டுக்குட்பட்ட ஏடுகளைத் தேடுவித்துப் பெறுவோர்க்கு அதனினுங் கூடிய தொகை. திதி வெண்பாவை விடுவித்துத் திகதியை அறிந்து செல்பவன், குறைந்த தொகையோடு ஒரே நாளிற் காரியம் முடித்துத் திரும்பலாம். ஆண்டு தெரியாதவனோ, தேடுகூலியை மீண்டும் மீண்டும் கட்டுவான். தரகரின் வலையிலும் விழுவான். வீட்டிலே செலவின்றிச் செய்த ஆராய்ச்சியின் பயன் இங்கே கைகூடுகிறது. காணி, ஓய்வூதியம், வழக்கு ஆகியவற்றுக்கு அத்தாட்சிப் பிரதி இன்றியமையாதது. குடும்ப வரலாற்றுக்கு மட்டுமாயின், கல்வெட்டும் பத்திரிகை அறிவித்தலும் ஒத்திருந்தாலே போதும்.

கடல் கடந்து மாண்டோரையும் தேடலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 யூலை மாதம் முதல் இறப்புகள் பதியப்பட்டு வருகின்றன. அவற்றின் அட்டவணையைத் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து, பிறீ பி.எம்.டி. என்னும் தளத்தில் யாவரும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கின்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் தோன்றிய வமிசாவளிச் சங்கத்தின் வழிவந்த பமிலி சேர்ச் என்னும் தளமும் கட்டணம் வாங்குவதில்லை. பெயரைப் பதிந்து கொண்டால் போதும். உலகப் போர்களில் மாண்ட பொதுநலவாயப் படையினரின் பெயர்களை, 1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழு ஏறக்குறைய 17 இலட்சம் பேரளவில் காத்து வருகிறது; அதன் பட்டியலையும் இலவசமாகத் தேடலாம். திருகோணமலையிலும் கண்டியிலும் உள்ள போர்க் கல்லறைகள் அதன் பராமரிப்பிலுள்ளவை. அங்கெல்லாம் தேடும்போது நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒரு பெருந்தடையாகும். கந்தையா என்னும் பெயரைக் 'கே' எழுத்தில் தொடங்கினோரும் உளர், 'சி' எழுத்தில் தொடங்கினோரும் உளர். தந்தை பெயர் முன்னும், தம் பெயர் பின்னும் வருவதால், எது குடும்பப் பெயர் என்று அறியாத எழுதுவினைஞர் தலைகீழாக எழுதியதும் உண்டு. ஒரு பெயரை ஐந்தாறு விதமாக எழுதித் தேடிய பின்னரே இல்லையென்று முடிவு செய்தல் வேண்டும்.

இவ்வளவுந் தேடியும் அகப்படாதோர் உளர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942இலும் 1943இலும் யப்பானியர் 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைத்தனர். அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. காஞ்சனபுரிக் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் கிடக்கின்றனர். அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர்; அவர் தொகை கைதிகளின் தொகையினும் பல மடங்கு என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். அவருள் மிகப் பலரின் பெயரை எவரும் எழுதவில்லை. ஒரே காட்டிலே, ஒரே வேலையிலே, ஒரே கொள்ளைநோயிலே மாண்ட இருவருள், ஒருவனுடைய பேரன் ஐந்து நிமிடத்திலே பாட்டனைக் கண்டுகொள்கிறான். மற்றவனுடைய பேரன் அவன் எங்கே வீழ்ந்தான் என்றும் அறியான்.

அத்துணைத் தூரம் செல்லவும் வேண்டுவதில்லை. நம் நாட்டுப் போரிலும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் உடலும் கிடையாமற் போனோர் எத்தனை பேர்! கடற்கோளிலே காணாமற் போனோரின் இறப்பைப் பதிவதற்கு 2005இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. போரிலே ஓராண்டுக்கு மேலாகக் காணப்படாதோர்க்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடந்தந்தது. தாய்மார் பலர் அதனை ஏற்க மறுத்தனர், "இறந்தான் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டுங் கூறும் சான்றிதழ் ஒன்றும் வகுக்கப்பட்டது. எதைப் பெறுவது, பெறாதிருப்பது என்பது அவரவர் நெஞ்சுக்குரியது. அயலார் அறிவுரை கூறும் இடம் அதுவன்று. நாளறியாது மாண்டோர்க்கும் நம் முன்னோர் வழி வகுத்தனர். புரட்டாதியில் வரும் மகாளயபட்சம் பிதிரர் யாவர்க்கும் உரியது. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திராபூரணையிலும் விரதமிருக்கின்றனர். திகதி தெரியாமையால் எவரும் நினைவிலிருந்து நீக்கப்படவில்லை.

எழுதப்படாதோர் இத்தனை பேர் இருக்க, எழுதப்பட்டோரையும் நாம் தேடாமல் இழப்பது தகுமா என்பதே என் கேள்வி. அச்சிட்ட ஏடு பெட்டியிலே கிடக்கிறது; செல்லு அதனை அரிக்கிறது. வெண்பாவின் பொருள் தெரிந்த மூதாட்டி திண்ணையிலே இருக்கிறார். அவரை எவரும் கேட்பதில்லை. அவர் கண் மூடிய பின் ஏட்டிலுள்ள பெயர்கள் யார் யாரெனச் சொல்ல ஆளில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒற்றைக் கோடிட்ட கொப்பி ஒன்று போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வேறு பெயர், தமிழ் ஆண்டும் மாதமும் திதியும், ஆங்கிலத் திகதி, இறந்த இடம், இதனைச் சொன்னவர் அல்லது சொன்ன ஏடு என்று ஆறு வரிகள் எழுதுங்கள். ஆறாவது வரியை எக்காரணங் கொண்டும் விடாதீர்கள். இரு செய்திகள் முரண்படும்போது எதை நம்புவது என்று அந்த வரிதான் காட்டும். பெரியோர் கூறும் வயதை அப்படியே ஏற்காதீர்கள். நடக்கும் வயதைச் சொல்வோரும், மதிப்பிட்டுச் சொல்வோரும் உளர். ஒரு செய்தி மட்டுமிருந்தால் பென்சிலால் எழுதுங்கள். இரண்டாவது சான்று கிடைத்த பின் மையால் எழுதுங்கள். உயிரோடிருப்பவரின் விபரங்களைப் பிறர் பார்க்கும் இடத்தில் வெளியிடாதீர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பகற்சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டத்தோடு பேத்தியார் ஆறுதலாக இருக்கும் நேரம் இதுவே. கொப்பியை எடுத்துக்கொண்டு அருகிற் போய் இருங்கள். அவர் முதலில், "இதெல்லாம் உனக்கேன் மோனை?" என்பார். சற்றுப் பொறுத்திருங்கள், பிறகு அவரே சொல்லத் தொடங்குவார்.